புளியங்கொட்டைக் கிலுகிலுப்பை

சனிக்கிழமை கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். “அக்கா, ஒண்டரை வயசாகுது, இவன் இன்னும் ஒண்டும் கதைக்கிறான் இல்லை” என்றாள் அந்த இளம் தாய். பொம்மை வாங்கக் காசில்லை என்பதும் அவளுக்குக் குறை.

காலி தண்ணீர் பாட்டிலில் ஒரு பிடி புளியங்கொட்டையைப் போட்டு, மூடியை டேப்பால் இறுக்கிச் சுற்றினேன். கொட்டை வாய்க்குள் போய்விடக் கூடாது, இதில் மட்டும் நான் ரொம்பக் கறார். குலுக்கியதும் பையன் கை நீட்டினான். “உடனே கொடுத்துடாதம்மா. வேணுமான்னு கேட்டுட்டு அவன் முகத்தையே பாரு” என்றேன். காத்திருந்தாள். “ஆ” என்றான். அவளும் “ஆ” என்றாள். இப்படியே ஏழெட்டு முறை.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1980களில் இதைத்தான் செய்தார்கள். ஏழை வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் போய், கையால் செய்த பொம்மைகளை வைத்து அம்மாக்களுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம், இந்த விளையாட்டு கிடைக்காத அதே மாதிரிக் குழந்தைகளைவிட 25 சதவீதம் அதிகம்!

சரி, பையனுக்குக் காது பரிசோதனையும் செய்யச் சொல்லியிருக்கிறேன். அப்புறம், பழைய காலண்டர் இருந்தால் எடுத்து வைக்கச் சொன்னேன். அடுத்த வாரம் படங்களை வெட்டிப் புத்தகம் தைக்க வேண்டும்.