நீண்ட நாள் கதீட்டர்: சிறுநீர் தடையில்லாமல் இறங்க

சிறுநீர்ப்பைக்குள் விட்டுச் சிறுநீரை வடிக்கிற குழாயான கதீட்டர் போட்டவருக்கு ஒரு தொந்தரவு வந்து காரணத்தைத் தேடினால், அதைச் சிறுநீர் சேர்கிற பேக்கோடு இணைக்கிற டியூப் எங்கோ மடங்கியிருக்கும், இல்லையென்றால் பேக் உயரத்தில் தொங்கும், அதுவுமில்லை என்றால் குழாய் எதிலோ மாட்டி இழுபட்டுக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் கதீட்டரோடு இருப்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிற நாங்களும் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான். மருந்துச் சீட்டைத் தேடுவதற்கு முன்னால் குழாய் போகிற வழியைப் பாருங்கள்.

முதலில் உங்களுக்குப் போட்டிருப்பது என்ன என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அளவு 'பிரெஞ்சு' என்ற கணக்கில் இருக்கும். 3 பிரெஞ்சு சேர்ந்தால் 1 மி.மீ. விட்டம். அதாவது 16 நம்பர் குழாய் ஏறக்குறைய 5.3 மி.மீ. தடிமன். பெரியவர்களுக்கு 12 முதல் 16 வரை போதும். உள்ளே நழுவாமல் பிடித்துக்கொள்கிற பலூனில் வழக்கமாக 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் (கிருமி நீக்கிய நீர்) ஏற்றுவார்கள். சலைன் ஏற்றினால் உப்பு படிந்து, கழற்றும்போது பலூன் சுருங்காமல் போகக்கூடும். முழு சிலிகான் குழாயை 12 வாரம் வரை வைக்கலாம். பூச்சில்லாத சாதாரண லேடக்ஸ் (ரப்பர்) குழாய் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. லேடக்ஸ் அலர்ஜி உள்ளவர்களுக்கு அதைப் போடவே கூடாது. பெண்களுக்கென்று நீளம் குறைந்த குழாய் உண்டு. அதை ஆண்களுக்குப் போட்டால் பலூன் சிறுநீர்ப்பைக்குள் போய்ச் சேராமல் வழியிலேயே விரிந்து காயப்படுத்திவிடும். வீட்டில் வாங்கி வைக்கிற குழாயின் உறையில் நம்பரோடு நீளத்தையும் படித்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

பகலில் காலில் கட்டுகிற பேக் 350, 500, 750 மி.லி. என்று வரும். இரவுக்கு 2 லிட்டர் பேக். இரவு பேக்கை மாட்டுவதற்காகக் கதீட்டரிலிருந்து கால் பேக்கைக் கழற்றக் கூடாது. அந்த இணைப்பு திறக்கிற ஒவ்வொரு முறையும் கிருமி உள்ளே போக வழி கிடைக்கிறது. கால் பேக்கின் அடியில் உள்ள வால்வில் இரவு பேக்கின் டியூப்பைச் செருகுங்கள். செருகியபின் கால் பேக்கின் வால்வைத் திறந்துவிட வேண்டும். இந்த ஒன்றை மறந்துவிட்டுப் படுத்தால் சிறிய பேக் நிறைந்து நின்றுவிடும், சிறுநீர்ப்பை வீங்கும், நள்ளிரவில் குழாயைச் சுற்றி ஒழுகத் தொடங்கும். காலையில் தலைகீழ் வரிசை: முதலில் கால் பேக்கின் வால்வை மூடுங்கள், பிறகு இரவு பேக்கைக் கழற்றுங்கள். கால் பேக்கை 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பேக் கசிந்தாலோ, இணைப்பு தானாகக் கழன்றாலோ நாள் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும்.

பேக்கைக் காலி செய்வது சின்ன வேலைதான், ஆனால் தொற்று பரவுவது அந்தச் சின்ன வேலையில்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பார்த்துக்கொள்பவர் என்றால் கையுறையும் போட்டுக்கொண்டு, வால்வைத் திறவுங்கள். வால்வின் நுனி பாத்திரத்திலோ கழிப்பறைத் தொட்டியிலோ படக் கூடாது. வடிந்ததும் மூடி, நுனியைச் சுத்தமான டிஷ்யூவால் துடைத்து, மறுபடியும் கை கழுவுங்கள். ஒரே இடத்தில் இரண்டு பேர் கதீட்டரோடு இருந்தால் அளக்கிற பாத்திரம் தனித்தனியாக இருக்கட்டும், ஒருவருக்கு முடித்துக் கையுறை மாற்றிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். பேக் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலி செய்துவிட வேண்டும். 500 மி.லி. சிறுநீர் என்றால் அரைக் கிலோ. அந்தப் பாரம் முழுவதையும் குழாயும், அதன் வழியாகப் பலூன் உட்கார்ந்திருக்கிற சிறுநீர்ப்பையின் வாயும் தாங்குகின்றன.

படுத்திருப்பவரிடம் நாங்கள் முதலில் பார்ப்பது டியூப் கிடக்கிற விதம். தொடைக்கு அடியில் போனால் உடல் பாரத்தில் நசுங்கும், அந்த இடத்தில் தோலும் புண்ணாகும். தொடைக்கு மேலாகக் கொண்டுவந்து மெத்தை ஓரம் வரை படுக்கையாக விட்டு, அங்கிருந்து நேராகப் பேக்குக்குள் இறங்கவிடுங்கள். பலர் கவனிக்காமல் விடுவது கட்டிலுக்கு வெளியே டியூப் தொங்கி வளைந்து மறுபடி மேலேறிப் பேக்குக்குள் போவதை. அந்த வளைவில் சிறுநீர் தேங்கி நிற்கும். தேங்கிய நீர் எதிர்த்துத் தள்ளுவதால் சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாது. பேக்கில் தண்ணீர் சேர்ந்துகொண்டுதான் இருக்கும், ஆகவே எல்லாம் சரியாகப் போவதாகவே தோன்றும். வளைவை நேராக்கிய நொடியில் இருநூறு முந்நூறு மி.லி. ஒரேயடியாக இறங்குவதைப் பார்த்தால்தான் உள்ளே எவ்வளவு நின்றிருக்கிறது என்று புரியும்.

பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும். தரையில் படக் கூடாது. அதற்கென்று ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளலாம். சக்கர நாற்காலிக்கோ ஸ்ட்ரெச்சருக்கோ மாற்றும்போது பேக்கைத் தூக்கி வயிற்றின் மேல் வைப்பது எங்கும் நடக்கிற தவறு. பேக்கின் வாயில் பின்னால் திரும்பாதபடி தடுப்பு இருந்தாலும், டியூப்பில் நிற்கிற சிறுநீர் உள்ளே போய்விடும். மாற்றுவதற்கு முன் காலி செய்து, கீழே பிடித்தபடியே ஒருவர் கூடவே நகர வேண்டும்.

குழாயைத் தொடையில் பட்டையோ ஒட்டுப்பட்டியோ கொண்டு நிலைப்படுத்துங்கள். காலை மடக்கி நீட்டினாலும் இழுக்காதபடி கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்ட வேண்டும். தொடர்ந்து ஒரே பக்கம் இழுபட்டால் ஆண்களுக்கு ஆணுறுப்பின் அடிப்பக்கம் மெல்ல மெல்லக் கிழிந்துவிடும். தண்டுவடம் அடிபட்டு உணர்ச்சி இல்லாதவர்களுக்கு இது வலிக்காது. அதனால் தினமும் குளிப்பாட்டும்போது கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். கட்டுகிற காலை மாற்றி மாற்றிக் கட்டுங்கள்.

சுத்தம் செய்யச் சோப்பும் தண்ணீரும் போதும். குழாய் உள்ளே நுழைகிற இடத்திலிருந்து வெளியே நோக்கித் துடைக்க வேண்டும். பெண்கள் முன்னிருந்து பின்னாக. ஆண்களுக்கு முன்தோலை நீக்கிக் கழுவியபின் மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். பின்னாலேயே விட்டால் வீங்கி இறுகிக்கொள்ளும். டெட்டால், பவுடர் எதுவும் வேண்டாம். பேக்கைக் கட்டிக்கொண்டே குளிக்கலாம்.

அடைப்புதான் எல்லோருக்கும் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். புரோட்டியஸ் போன்ற சில கிருமிகள் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும். சிறுநீர் காரத்தன்மைக்கு மாறி, மெக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் உப்பாகக் குழாயின் நுனியில் படியும். கழற்றிய குழாயை அப்படியே குப்பையில் போடாமல், கையுறையோடு நுனியை விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். மணல் போல நறநறத்தால் இவர் அடைத்துக்கொள்கிறவர் என்று அர்த்தம். போட்ட தேதி, அடைத்த தேதி, நுனி எப்படி இருந்தது என்று மூன்று குழாய்களுக்குக் குறித்து வைத்தால் ஒரு கணக்கு கிடைக்கும். ஐந்தாவது வாரத்தில் அடைக்கிறவர் என்றால் நான்காவது வாரமே மாற்றச் சொல்லிக் கேளுங்கள். 12 வாரம் என்று உறையில் போட்டிருப்பது அதிகபட்ச வரம்பு. எல்லோருடைய குழாயும் அதுவரை ஓடாது. அடிக்கடி அடைத்தால் சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்வது நல்லது.

சிறுநீர் நின்றுவிட்டது என்றால் பார்க்கிற வரிசை இது: டியூப் மடிந்திருக்கிறதா, அதன்மேல் படுத்திருக்கிறாரா, பேக் நிறைந்துவிட்டதா, வால்வு மூடியிருக்கிறதா, பேக் உயரத்தில் இருக்கிறதா. பிறகு புரண்டு படுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் எழுந்து நடக்கச் சொல்லுங்கள். மலச்சிக்கலும் குழாயை அழுத்தி ஓட்டத்தை நிறுத்தும். இது பலருக்கு நினைவுக்கே வராது. இவ்வளவு பார்த்தும் இரண்டு மூன்று மணி நேரமாகச் சொட்டு வரவில்லை என்றாலோ, அடிவயிறு புடைத்து வலித்தாலோ காத்திருக்காமல் மருத்துவ உதவிக்குப் போக வேண்டும். கற்றுத்தராத ஒருவர் சிரிஞ்சால் தண்ணீரை உள்ளே அடித்துப் பார்ப்பது ஆபத்து.

நெஞ்சு மட்டத்தில் ஆறாவது முள்ளெலும்புக்கோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அடைப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். திடீரென்று மண்டையைப் பிளக்கிற தலைவலி, முகம் சிவந்து வியர்வை, எகிறுகிற ரத்த அழுத்தம். நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாயைச் சரிபார்த்துக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள்.

குழாய்க்குள் ஓட்டம் இருந்தும் சுற்றி ஒழுகினால் பெரும்பாலும் சிறுநீர்ப்பை சுருங்கித் தள்ளுகிறது என்று பொருள். ஒழுகுகிறதே என்று இன்னும் தடித்த குழாய்க்கு மாறினால் எரிச்சல் கூடி ஒழுகலும் கூடும். சுருக்கத்தை அடக்க மாத்திரை உண்டு. மருத்துவரிடம் கேளுங்கள்.

தொற்று விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குழாய் போட்டு ஒரு மாதத்தில் அநேகமாக எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கிற பரிசோதனையில்) கிருமி தெரிந்தது, சிறுநீர் கலங்கியது, வாடை அடித்தது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் எடுத்தால் கிருமி மறையாது, மருந்துக்கு மசியாத கிருமிதான் மிஞ்சும். கர்ப்பிணிகளும் சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சைக்குத் தயாராகிறவர்களும் இதற்கு விலக்கு. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி, வயதானவருக்குப் புதிதாகக் குழப்பம் என்றால் அது வேறு, உடனே போக வேண்டும். அப்போது பழைய குழாயை மாற்றிவிட்டுப் புதிய குழாயிலிருந்து சாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள். பேக்கில் தேங்கியதை எடுத்துக் கொடுத்தால் அந்த முடிவை நம்ப முடியாது. மலச்சிக்கல் உள்ளவர்களுக்குப் பேக் சில நேரம் ஊதா நிறமாக மாறும். கிருமிகள் உண்டாக்குகிற சாயம் அது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் மலச்சிக்கலைச் சரிசெய்து குழாயையும் பேக்கையும் மாற்றினால் போய்விடும்.

ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இது இன்னும் தேவையா என்று கேளுங்கள். கை நடுங்காதவர்களுக்கு, நாளில் சில முறை தானே மெல்லிய குழாய் விட்டு வடித்துக்கொள்கிற முறை பொருந்தலாம். தொற்றும் அதில் குறைவு.

அடிவயிற்றில் துளையிட்டுப் போட்ட குழாய் தவறி வெளியே வந்துவிட்டால் அந்தத் துளை சீக்கிரம் மூடத் தொடங்கும். சுத்தமான துணியை வைத்து மூடிக்கொண்டு, வீட்டிலிருக்கிற அதே நம்பர் குழாயையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் மறுபடி துளைக்க வேண்டியிருக்கும்.