கோடை தொடங்கியதும் கடற்கரை ஏன் குளிர்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதத்தின் நடுவில் ஒரு காலைப்பொழுது, தென் கலிபோர்னியாவில் கடலை ஒட்டிய மலைச்சாலை ஒன்றில் ஏறிச் சென்றேன். கீழே கடலோரத்தில் வானம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தது; காற்றில் ஈரம் கனத்திருந்தது; கம்பளிச் சட்டை இல்லாமல் நெடுநேரம் நிற்க முடியவில்லை. மலை ஏற ஏற இன்னும் குளிரும் என்றுதான் எண்ணியிருந்தேன். ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயரத்தில் சாலை மேகத்துக்குள் புகுந்தது. சில நிமிடங்களில் அதன் மேற்புறத்தில் வெளிப்பட்டபோது, சுள்ளென்ற வெயிலும் உலர்ந்த வெப்பக்காற்றும் முகத்தில் அறைந்தன. வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மேகத்தின் மேற்பரப்பு ஏரி நீரைப் போல மட்டமாகக் கிடந்தது. குன்றுகளின் முகடுகள் அதில் தீவுகளாக நின்றன. உயரே செல்லச் செல்ல வெப்பம் குறையும் என்று பள்ளியில் படித்த விதி அங்கே தலைகீழாகியிருந்தது. கோடைத் தொடக்கத்தில் கடற்கரைகள் மூடிக்கிடப்பதன் காரணத்தில் பாதியை அந்தச் சில நிமிடப் பயணமே காட்டிவிட்டது என்பதைப் பின்னர் படிக்கத் தொடங்கியபோதுதான் அறிந்தேன்.

அப்பகுதி மக்கள் இந்தப் பருவத்துக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்: மே மாதத்தில் 'மே கிரே', ஜூன் மாதத்தில் 'ஜூன் க்ளூம்'. மே மாதச் சாம்பல், ஜூன் மாத மூட்டம் என்று பொருள் கொள்ளலாம். கேட்டால், கடலிலிருந்து ஈரக்காற்று வருகிறது, அதனால் மேகம் வருகிறது என்று பலரும் விளக்கம் சொல்வார்கள். அது தவறில்லை என்றாலும் போதாது. வெப்பமண்டலக் கடல்களின் மேல் இதைவிட மிகுதியான ஈரம் உண்டு. அங்கே நாள் முழுவதும் அசையாத இத்தகைய சாம்பல் விரிப்பு உருவாவதில்லை. அங்கே சூடான ஈரக்காற்று தடையின்றி மேலே எழுந்து, கோபுரம் கோபுரமாகத் திரண்டு, இடியும் மழையுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டுக் கலைந்துவிடும். இங்கோ ஈரம் மேலே போக வழியில்லாமல் அடைபட்டுக் கிடக்கிறது. ஆகவே ஈரம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், அதன் மேல் மூடி போட்டது எது என்பதே முதன்மையான கேள்வி.

அந்த மூடி வெகு தொலைவிலிருந்து வருகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூடாகி எழும் காற்று, உயரத்தில் துருவங்களை நோக்கிப் பரவி, ஏறத்தாழ 30 டிகிரி அட்சரேகையை ஒட்டிக் கீழே இறங்குகிறது. ஜார்ஜ் ஹாட்லி என்ற ஆங்கிலேயர் 1735-இல் வணிகக் காற்றுகளுக்கு விளக்கம் தேடியபோது முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்ததால், இந்தச் சுழற்சிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தம் மிகுந்த கீழ் அடுக்குகளுக்கு வரும்போது நெரிபட்டுச் சூடாகிறது. உலர்ந்த காற்றாக இருந்தால் ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். இப்படி இறங்கும் காற்று பெருங்கடல்களின் மேல் மாபெரும் உயர் அழுத்த மண்டலங்களை உண்டாக்குகிறது. வடபசிபிக்கின் உயர் அழுத்த மண்டலம் வசந்தகாலத்தில் வடக்கே நகர்ந்து, கோடை நெருங்க நெருங்க வலுப்பெறுகிறது. அதனால் கோடைத் தொடக்கத்தில் கடற்கரையின் மேல், சில நூறு மீட்டர் உயரத்திலிருந்து சூடான, உலர்ந்த காற்று அழுத்திக்கொண்டு நிற்கிறது.

கீழேயுள்ள கடலோ இன்னும் குளிர்காலத்தை மறக்கவில்லை. ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,186 ஜூல் வெப்பம் வேண்டும். உலர்ந்த மண்ணுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். மண்ணில் ஒரு நாள் வெயில் மேலே சில அங்குலங்களோடு நின்றுவிடுகிறது. கடலிலோ ஒளி ஆழமாக ஊடுருவுகிறது, அலைகளும் காற்றும் அந்த வெப்பத்தை இன்னும் கீழே கலந்துவிடுகின்றன. ஆதலால் ஜூன் 21-ஐ ஒட்டிச் சூரியன் உச்சத்தில் நின்றாலும், வடபாதியின் நடு அட்சரேகைகளில் கடலின் மேற்பரப்பு தன் உச்ச வெப்பத்தை எட்ட ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும்.

பெருங்கடல்களின் கிழக்கு விளிம்புகளில், அதாவது கண்டங்களின் மேற்குக் கரைகளில், இந்தத் தாமதத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். உயர் அழுத்த மண்டலத்தைச் சுற்றிவரும் காற்று, வடபாதியில் அந்தக் கரைகளை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காக வீசுகிறது. காற்று தெற்கே தள்ளினால் நீரும் தெற்கேதான் போகும் என்று தோன்றும். ஆனால் 1893-இல் தொடங்கிய பயணத்தில் 'ஃப்ராம்' கப்பலில் ஆர்க்டிக் பனிப்பரப்பில் மிதந்து சென்ற நார்வே ஆய்வுப்பயணி ஃபிரிட்ஜோப் நான்சென், பனிப்பாளங்கள் காற்றின் திசையில் செல்லாமல் அதற்கு வலப்புறமாக விலகிச் செல்வதைக் கண்டார். வாக்ன் வால்ஃப்ரிட் எக்மான் இதற்குக் கணித விளக்கம் தந்து, 1905-இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக்கினார். புவியின் சுழற்சியால், காற்று இழுக்கும் மேலடுக்கு நீரின் மொத்த நகர்வு வடபாதியில் காற்றின் திசைக்குச் செங்குத்தாக வலப்புறம் அமைகிறது. வடக்குக் காற்றுக்கு வலப்புறம் மேற்கு. மேற்குக் கரையில் மேற்கு என்றால் ஆழ்கடல். கரையோர நீர் இப்படி வெளியே இழுக்கப்பட, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. வடகலிபோர்னியக் கரையில் இந்த மேலெழுச்சி வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும்தான் மிகவும் வலுவாக இருக்கிறது. அதாவது வெயில் ஏறிக்கொண்டிருக்கும் நாட்களிலேயே கரையோரக் கடல் குளிரூட்டப்படுகிறது.

குளிர்ந்த நீரைத் தொட்டு வரும் காற்று தானும் குளிர்ந்து, ஈரம் நிறைந்து, கனமாகிக் கீழேயே தங்குகிறது. மேலேயோ சூடான, இலேசான காற்று. கனமானது கீழும் இலேசானது மேலுமாக அமைந்துவிட்டால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. இந்த எல்லையில் ஐந்து, பத்து டிகிரி வெப்பம் சில பத்து அல்லது சில நூறு மீட்டருக்குள் ஏறிவிடுவதும் உண்டு. வானிலையாளர்கள் இதை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்கிறார்கள். நான் மலைச்சாலையில் கடந்தது இந்த எல்லையைத்தான். அடியில் அடைபட்ட கடல்காற்று கலங்கி மேலெழும்போது குளிர்ந்து, நீராவி துளிகளாகச் சுருங்கி, மூடியின் அடிப்புறத்தில் ஒட்டியதுபோல் படைத்திரள் மேகமாகப் பரவுகிறது. மேகத்தின் தலை அவ்வளவு மட்டமாக இருந்ததற்கும் காரணம் மூடிதான். மேலேயிருக்கும் காற்றுக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு மிகுதியாகும் பருவத்தில் மேகமும் மிகுதியாகிறது. ஸ்டீபன் கிளெய்ன், டென்னிஸ் ஹார்ட்மன் ஆகிய இருவரும் 1993-இல் பல கடற்பகுதிகளின் பருவக் கணக்குகளை ஒப்பிட்டு, இந்த வெப்ப வேறுபாட்டால் அளக்கப்படும் கீழ் வளிமண்டலத்தின் நிலைப்புத்தன்மை ஒரு டிகிரி கூடும்போது தாழ்மேகப் பரப்பு ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுகிறது என்று காட்டினார்கள்.

இங்கே ஒரு ஐயம் எழ வேண்டும். மேலிருந்து காற்று நாளொன்றுக்குச் சில நூறு மீட்டர் அளவுக்குக் கீழிறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால், இரண்டு மூன்று நாட்களில் அது குளிர்ந்த அடுக்கை நசுக்கித் தரையைத் தொட்டுவிட வேண்டுமே? அப்படி நடவாமல் மேகம் வாரக்கணக்கில் எப்படி நிற்கிறது? இதற்கான விடை மேகத்தின் உச்சியில் இருக்கிறது. அதற்கு மேலுள்ள காற்று உலர்ந்தது. ஆகவே மேகத்தின் தலை அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை விண்வெளிக்குத் தடையின்றி இழக்கிறது. இழப்பு மிக மெல்லிய ஓரடுக்கில் நிகழ்வதால் அந்த அடுக்கு விரைவாகக் குளிர்ந்து, கனத்து, கீழே விழுகிறது. அதன் இடத்துக்குக் கீழேயிருந்து ஈரக்காற்று ஏறுகிறது. அடுப்பில் வைத்த நீர் அடியிலிருந்து கொதிக்கும். இந்த மேகமோ தலையிலிருந்து கலங்குகிறது. அந்தக் கலக்கம் கடலின் ஈரத்தை ஓயாமல் மேலே கொண்டுவருவதோடு, மூடிக்கு மேலுள்ள சூடான காற்றையும் சிறிது சிறிதாக உள்ளிழுத்து, மூடியை மேல்நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கிறது. இறங்கும் காற்றின் அழுத்தமும் மேகத்தின் இந்த உந்தலும் சமப்படும் உயரத்தில் மூடி நிலைகொள்கிறது. டக்ளஸ் லில்லி 1968-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சமன்பாடுகளில் வடித்தார்; அசைவற்றதாகத் தோன்றும் ஒரு சாம்பல் வானத்துக்குள் இத்தனை சுறுசுறுப்பு இருக்கிறது என்பது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. மேகம் வெயிலைத் திருப்பியனுப்புவதால் கடல் சூடாவதும் தாமதப்படுகிறது. குளிர்ந்த கடல் மீண்டும் மேகத்துக்கு உதவுகிறது.

இந்த மூட்டத்துக்கு ஒரு நாள் ஒழுங்கும் உண்டு. வெப்ப இழப்பு இரவும் பகலும் நடக்கிறது. அதை ஓரளவு ஈடுசெய்யும் வெயில் பகலில் மட்டுமே கிடைக்கிறது. ஆகையால் மேகம் விடியலுக்கு முன் தடித்தும், பிற்பகலில் மெலிந்தும் இருக்கும். வெயில் மேகத்தை எரித்து விலக்குகிறது என்று பேச்சில் சொல்வதுண்டு. உண்மையில் மேகத்தின் மேல் விழும் ஒளியில் பெரும்பங்கு திரும்பிப் போய்விடுகிறது. கசிந்து வரும் மிச்ச ஒளி நிலத்தைச் சூடாக்க, நிலத்தையொட்டிய காற்று வெப்பமேறி, மேகத்தின் அடிப்புறம் உயர்ந்து, மெல்லிய விளிம்புகளிலிருந்து அது கரையத் தொடங்குகிறது. உள்நாட்டில் முதலில் வானம் திறக்கும். கடலோரத்தில் நண்பகலுக்குப் பின். கடல் அந்த வேகத்தில் சூடாகாததால் அதன் மேலுள்ள மேகம் அப்படியே நிற்கும். பிற்பகல் செயற்கைக்கோள் படங்களில் மேகத்தின் விளிம்பு கடற்கரைக் கோட்டை வரைந்து வைத்ததுபோல் தெரிவது இதனால்தான். மாலையில் கடற்காற்று அதை மீண்டும் கரைக்கு இழுத்து வந்துவிடும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மூட்டமான நாளிலும் புற ஊதாக் கதிர்கள் கணிசமாக ஊடுருவுகின்றன, குளிர்கிறதே என்று நெடுநேரம் கடற்கரையில் இருப்பவர்களின் தோல் கன்றிப்போவது உண்டு.

எல்லா நாளும் மூட்டம் ஒரே அளவில் இருப்பதில்லை. மூடி இருநூறு மீட்டருக்குத் தாழ்ந்துவிட்டால் மேகம் தரையைத் தொட்டுக் கடற்கரையோடு நிற்கும் மூடுபனியாகிறது. மேல் வளிமண்டலத்தில் தாழ்வுநிலை ஒன்று நெருங்கி மூடியை உயர்த்திவிட்டால், மேகம் கணவாய்கள் வழியே உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளுக்கும் புகுந்து, காலையில் தூறலும் போடும். தென் கலிபோர்னியக் கரைக்கு அப்பால் காற்று தீவுகளை ஒட்டிச் சுழித்துத் திரும்பும் 'கேட்டலினா சுழல்' தோன்றும் நாட்களில் மூட்டம் தடித்து, பிற்பகலிலும் விலகாமல் இருந்துவிடும். வானிலை பலூன்கள் நாளுக்கு இருமுறை அனுப்பும் அளவுகளை, உயரம் மேல்நோக்கியும் வெப்பநிலை வலப்புறமாகவும் கூடும்படி வரைபடமாக்கி, இடப்புறம் சாய்ந்து செல்லும் வெப்பநிலைக் கோடு எந்த உயரத்தில் சட்டென வலப்புறம் உதைத்துத் திரும்புகிறது என்று பார்ப்பதே மறுநாள் மூட்டத்தைக் கணிக்க நல்ல வழி. கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும் ஆண்டுகளில் அந்த உதைப்பு மெலிந்து, மூட்டமும் குறைந்து காணப்படும்.

தென்பாதியில் பெரு நாட்டின் கரையிலும் நமீபியக் கரையிலும் இதே பொறியமைப்பு இயங்குகிறது. ஆனால் அங்கே தாழ்மேகம் மிகுவது செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான அவர்களின் வசந்தத்தில். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் 'ஹார்' என்று வழங்கும் கடல்மூடுபனியும், ஜப்பானின் வடகிழக்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்களில் ஓகோட்ஸ்க் கடற்பக்கமிருந்து வீசும் 'யமாசே' குளிர்காற்றும் சற்று வேறு வகை. முதலாவதில் மேலெழும் நீருக்குப் பெரிய பங்கில்லை. இன்னும் குளிர்ந்திருக்கும் வடகடலின் மேல் சூடான ஈரக்காற்று நகர்ந்து வருவதே போதும். இரண்டாவது கடுமையானது: குளிர்ந்த கோடை நிலவிய 1993-இல் அப்பகுதியின் நெல் விளைச்சல் பெரிதும் பொய்த்து, ஜப்பான் வெளிநாட்டு அரிசியை அவசரமாக வாங்க நேர்ந்தது.

மூட்டத்தை வெறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மழையே இல்லாத கோடையில் கலிபோர்னியாவின் கடலோர ரெட்வுட் மரங்கள் தம் ஊசியிலைகளில் மூடுபனியைச் சேகரித்துச் சொட்டுச் சொட்டாக வேருக்கு அனுப்புகின்றன. சில காடுகளில் ஆண்டு முழுவதும் மண்ணுக்குக் கிடைக்கும் நீரில் மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு வந்ததாக அளந்திருக்கிறார்கள். சிலியின் வறண்ட கரையில் வலைகளை நிறுத்தி இதே வகை மேகத்திலிருந்து குடிநீர் எடுத்திருக்கிறார்கள்.

ஜூலை கடந்ததும் தென் கலிபோர்னியாவில் மூட்டத்தின் பிடி தளரத் தொடங்குகிறது. வடக்கே சான் பிரான்சிஸ்கோவில் அது ஆகஸ்ட் வரையும் நீடிக்கும். பிறகு கரையோரக் காற்று தணிந்து, மேலெழுச்சி குறைந்து, கடல் மெல்லச் சூடாகி, மேலிருக்கும் காற்றோடு இருந்த வேறுபாடு சுருங்குகிறது. சான் பிரான்சிஸ்கோவின் மிகவும் வெப்பமான மாதம் ஜூனும் அன்று, ஜூலையும் அன்று, செப்டம்பர். உள்நாட்டில் கோடை விடைபெறத் தொடங்கும் அந்நாட்களில்தான் அங்கே கடற்கரையில் காலையிலேயே வெயில் விழும்.