அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு பாட்டில்

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர் வேலை எனக்கு. வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது என்பதில் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பெருமை உண்டு.

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். அந்த அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய் கீமோ போட்டு வருவார். முதல் தடவை போனபோதே, "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். போலீஸ் விசாரணை மாதிரித்தான் இருந்திருக்கும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர்." நானும் நோட்டில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் ஈரல் பாதிப்பைக் காட்டும் அளவுகள் ஏறியிருந்தன. கீமோ ஒரு வாரம் தள்ளிப்போனது.

அடுத்த முறை நான் எதுவும் கேட்கவில்லை. மருமகள் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து, என் மாமியார் மூட்டுவலிக்குக் குடிக்கும் கஷாயத்தின் கசப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் துடுப்பைப் பானையிலேயே விட்டுவிட்டு எழுந்து போய், அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தாள். பழைய குளிர்பான பாட்டில், லேபிள் இல்லை. உள்ளே கறுப்பாக ஏதோ, அடியில் மணல் மாதிரி வண்டல். மூடியைத் திறந்தால் கருகின வெல்ல வாடை. தினமும் வெறும் வயிற்றில் அரை டம்ளராம்.

ஈரல் கெட்டது அதனால்தான் என்று சத்தியம் பண்ண முடியாது. கீமோ மருந்துகளும் ஈரலைப் படுத்தும். ஆனால் இன்னொரு மருந்து உள்ளே போகிறது என்பதே தெரியாமல் டாக்டர் குழம்பியதற்குக் காரணம் நான் எழுதிய அந்த 'இல்லை'.

"ஊசி மருந்தே செடியிலிருந்துதான் எடுக்கறாங்களாமே கண்ணு, இதுல மட்டும் என்ன?" என்றார் அந்த அம்மா. நியாயமான கேள்வி. நம் வேலியோரத்து நித்யகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் ஊசி மருந்து வருகிறது. ஆனால் அதை ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை. அவ்வளவு கறாராக அளப்பார்கள். பாட்டிலில் என்ன எவ்வளவு என்று காய்ச்சியவருக்கே தெரியாது. அதைச் சொன்னேன். பாட்டில் நின்றது.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லவில்லை. குமட்டலுக்குச் சமையலில் போடும் அளவுக்கு இஞ்சி, வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிப்பு, தூங்கப்போகும் முன் நிதானமாக மூச்சுப் பயிற்சி, இதெல்லாம் இருக்கட்டும் என்றேன். மருமகள் எண்ணெய் தொட்டுக் காலை மெல்லப் பிடித்துவிட்டால் அவருக்கு ஒரு நிம்மதி. அறுவை செய்த பக்கத்துக் கை வீங்கியிருந்ததால் அதை மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்றேன். கால் மரத்துப் போயிருப்பதால் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், சுட்டாலும் தெரியாது. பச்சையாக அரைக்கும் கீரைச் சாறு பற்றித்தான் கொஞ்சம் சண்டை. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் சரியாகக் கழுவாத இலையே காய்ச்சலில் கொண்டுபோய் விடும். அரை மனதாகத்தான் ஒத்துக்கொண்டார்.

போன மாதம் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே ஒரு பொட்டலத்தை நீட்டினார். முள் சீத்தா இலைப் பொடி, தங்கச்சி வீட்டுக்காரர் ஓசூரிலிருந்து வாங்கி வந்ததாம். "இன்னும் பிரிக்கல கண்ணு. ஆகுமா பாரு." போட்டோ எடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வேண்டாம் என்று பதில் வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். போன் செய்தால், "சரி, மாட்டுக்குப் போடலாமா?" என்கிறார்.