ஸ்பொன்சர் இல்லாத அமெரிக்க மனு: வன்னியிலிருந்து மனுக் கோவை கட்டுபவர்களுக்கு

அமெரிக்காவில் நிரந்தரமாக வதிய, உயர் பட்டம் போன்ற தகுதி உள்ளவர்களுக்குத் தரும் ஈபி-2 வீசாப் பிரிவில் தேசிய நலன் விலக்கு என்றொரு வழி உண்டு. வேலை தரும் கம்பனி தேவையில்லை. ஐ-140 என்ற குடிவரவு மனுப் படிவத்தில் மனுதாரரும் நாங்களே, பயனாளியும் நாங்களே. 2016இல் அமெரிக்கக் குடிவரவு மேன்முறையீட்டு அலுவலகம் தந்த தனசார் தீர்ப்பை வைத்துத்தான் அதிகாரி பார்ப்பார். செய்யப்போகும் பணிக்குப் பெறுமதியும் தேசிய முக்கியத்துவமும் உண்டா, அதைச் செய்ய இவருக்குத் தகுதி உண்டா, வேலைவாய்ப்புக் கடிதத்தைக் கேட்காமல் விட்டால் அமெரிக்காவுக்கு நன்மையா என்ற மூன்றும்தான் கேள்வி.

எங்கள் பக்கத்துக் கோவைகள் முதலாவதிலேயே சறுக்குவதைப் பார்க்கிறோம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் நீர்ப்பங்கீட்டில் பழுத்த பொறியியலாளர் இருபது பக்கமும் இரணைமடுவையே எழுதுவார். அது இரண்டாவது கேள்விக்கான சான்று. முதலாவது கேட்பது, அங்கே போய் என்ன செய்வீர்கள் என்பதை. கலிபோர்னியாவில் நிலத்தடி நீர் வற்றி 2014இல் அதற்கென்று சட்டமே வந்தது என்று எழுதினாலும் போதாது. துறை முக்கியமானது என்பதை அதிகாரி மறுக்கமாட்டார். உங்கள் பணி முக்கியமா என்றுதான் பார்ப்பார். வாய்க்கால் ஓட்டத்தை மலிவான மானிகளால் அளந்து பங்கிடும் முறையை எந்தப் பகுதியில், யாரோடு, எந்த ஒழுங்கில் செய்வீர்கள், ஒரு நிறுவனத்தைத் தாண்டி அது எப்படிப் பரவும் என்று இரண்டு மூன்று பக்கத்தில் வரவேண்டும். “நல்ல கம்பனியில் பொறியியலாளராக வேலை செய்வேன்” என்ற ஒரு வரி போதும், கோவை கவிழ.

பரிந்துரைக் கடிதம் ஐந்தாறு போதும். பாதியாவது உங்களோடு வேலை செய்யாமல், உங்கள் வேலையைப் பயன்படுத்தியவர்களிடமிருந்து வரட்டும்.

பட்டத்தை வைத்து விண்ணப்பிப்பவர்களில் முதுமாணி இல்லாதவர் நாலு வருட இளமாணியும் அதன்பின் ஐந்து வருட வளர்ச்சியான அனுபவமும் காட்டவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அறிவியல்நகர் பொறியியல் பீடத்துப் பட்டத்தில் சிக்கல் இல்லை. மூன்று வருடப் பொதுப் பட்டம் அமெரிக்க இளமாணிக்குச் சமனாகாது. டிப்ளோமாவைச் சேர்த்துக் கணக்குக் காட்டினாலும் அநேகமாக எடுபடாது.

அனுபவக் கடிதம்தான் பெரிய தலையிடி. திணைக்களங்கள் தருவது “இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை கடமையாற்றினார், நடத்தை திருப்தி” என்ற இரண்டு வரி. பதவி, செய்த வேலை, பொறுப்பு கூடிய விதம், முழுநேரமா என்பது, ஒப்பமிடுபவரின் பெயர், பதவி, முகவரி எல்லாம் அதில் இருக்கவேண்டும். வரைவை நீங்களே ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பெரும்பாலானோர் திருத்தி ஒப்பமிடுவார்கள். 2008 செப்டெம்பரில் வன்னியிலிருந்து வெளியேற்றப்பட்ட தொண்டு நிறுவனங்களில் இருந்தவர்களுக்குக் கேட்க அலுவலகமே இல்லை. அன்றைய மேலாளரின் கடிதத்தோடு ஊழியர் சேமலாப நிதிக் கூற்று, சம்பளச் சிட்டை ஏதாவது வைத்தால் நிற்கும்.

பட்டத்தில் முதலெழுத்து, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக என்றால் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி. தமிழ், சிங்கள ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வேண்டும்.

2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி ஐ-140க்கு 715 டொலர், அதோடு புகலிடத் திட்டக் கட்டணம் தனிக் கொடுப்பனவாக 300. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் கோவை திரும்பிவரும். தொழில் திணைக்களப் படிவமான ஈடிஏ-9089இன் பின்னிணைப்பு ஏ-யையும் ஒப்பமிட்ட இறுதித் தீர்மானப் படிவத்தையும் மறக்கவேண்டாம். விரைவாகப் பார்ப்பதற்கான மேலதிகக் கட்டணம் கட்டினால் மனுவுக்கு 45 வேலைநாளில் பதில் வரும். ஆனால் மனு ஏற்கப்பட்டபின் வீசாவுக்குக் காத்திருக்கும் வரிசை அதனால் நகராது.

அந்த வரிசை குடியுரிமையை வைத்தல்ல, பிறந்த நாட்டை வைத்து. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து ஊர் திரும்பியவர் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் இந்தியாவின் நீண்ட வரிசையில்தான் நிற்பார். கணவரோ மனைவியோ இலங்கையில் பிறந்தவரென்றால் அவருடைய வரிசையைக் கேட்கலாம். அதற்கு விவாக அத்தாட்சிப்பத்திரமும் அவருடைய பிறப்பு அத்தாட்சிப்பத்திரமும் வேண்டும். போரில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.