அம்மைப்பாலுக்குள் இருந்த வைரஸ்

தோட்டத்து லயங்களில் எழுபதைத் தாண்டியவர்கள் பலரின் மேற்கையில் வட்டமான தழும்பு ஒன்று இருக்கும். நடுவில் குழிந்து, ஓரத்தை நோக்கிக் கோடுகள் ஓடும். அம்மை குத்திய இடம் அது. இந்தியாவிலிருந்து ஆள் திரட்டிய காலத்தில் மண்டபம் முகாமில் மறித்து வைத்து, அம்மை குத்தித்தான் இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். 1980க்குப் பின் பிறந்தவர் கையில் தெரிவது பெரும்பாலும் பிசிஜி தழும்பு. அது காசநோய்க்குப் போட்டது.

குத்தியபோது உள்ளே போனது பெரியம்மை வைரஸ் அல்ல. பலர் நினைப்பதுபோல மாட்டம்மை வைரஸும் அல்ல. 1796இல் ஆங்கிலேய மருத்துவர் ஜென்னர் முதல் தடுப்பூசியைப் பால்காரப் பெண்ணின் கைப்புண்ணிலிருந்து எடுத்தார் என்பது சரி. ஆனால் 1939இல் டௌனி என்ற ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தடுப்பூசியில் இருந்தது வேறொரு வைரஸ் என்று தெரிந்தது. அதுதான் வக்சினியா. பரம்பரையலகுகளை (மரபணுக்களை) வைத்துப் பார்த்தால் குதிரையம்மைக்கே அது கிட்டிய சொந்தம்.

வைரஸ்களில் இது பெரிய உருப்படி. செங்கல் வடிவம், நீளம் சுமார் 350 நனோமீற்றர், டி.என்.ஏ-யில் ஏறத்தாழ 1,90,000 காரச்சோடிகள் (டி.என்.ஏ ஏணியின் படிகள்), 200 அளவில் பரம்பரையலகுகள். டி.என்.ஏ வைரஸ்களில் பெரும்பாலானவை கலத்தின் கருவுக்குள் போய் அங்குள்ள நொதியங்களைப் பயன்படுத்தும். வக்சினியா கருவுக்குள் போவதே இல்லை. தன் பரம்பரையலகுகளைப் படியெடுக்கும் நொதியமான ஆர்.என்.ஏ பொலிமரேசைத் துணிக்கைக்குள்ளேயே கொண்டுவந்து, கருவுக்கு வெளியே உள்ள குழியவுருவிலேயே பெருகி முடித்துவிடும். நம்முடைய டி.என்.ஏ-யில் போய் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் அதனால் இல்லை. வேறு நோய்க்குத் தடுப்பூசி செய்ய வேற்றுப் பரம்பரையலகைச் சொருக இடமும் தாராளம்: வெளியிலிருந்து 25,000 காரச்சோடிகள் வரை சொருகலாம். வழக்கமாகச் சொருகும் இடம் தைமிடின் கைனேஸ் பரம்பரையலகு. அது உடைந்தால் வைரஸின் வீரியமும் குறையும். ஒரே வெட்டில் இரண்டு வேலை.

அம்மைப்பால் என்றது தடுப்பூசித் திரவத்தை. பழைய அம்மைப்பால் கன்றின் தோலில் வளர்த்தது. விலாவை மழித்து, கீறி, வைரஸைத் தேய்த்து, சில நாளில் சுரண்டி எடுத்து அரைத்துக் கிளிசரின் சேர்ப்பார்கள். கிளிசரின் பக்டீரியாக்களை மெல்லக் கொல்லும். ஆனால் வெயிலில் இந்தத் திரவம் சில நாளிலேயே செத்துவிடும். நுவரெலியாக் குளிரில் வைத்திருக்கலாமே என்றால், கீழே கரையோரச் சூட்டைத் தாண்டித்தானே மேலே வரவேண்டும். கொலியர் என்ற ஆய்வாளர் 1950களில் பெப்டோன் என்ற புரதச் சிதைபொருளை 5 வீதம் சேர்த்து உறைய வைத்து உலர்த்தியது இந்தச் சிக்கலைத் தீர்த்தது. 37 பாகையில் ஒரு மாதம் இருந்தாலும் வேலை செய்தது. பெரியம்மை ஒழிப்பில் ஜென்னருக்குக் கொடுக்கும் பேரில் பாதியையாவது இவருக்குக் கொடுக்கவேண்டும்.

குத்தும் முறை இது. கவை முனை ஊசியைக் கரைசலில் தோய்த்தால் இரு முனைக்கும் நடுவே 0.0025 மில்லிலீற்றர் நிற்கும். குத்துபவர் தன் மணிக்கட்டை மற்றவர் கையில் ஊன்றி, ஊசியைச் செங்குத்தாகப் பிடித்து, 5 மில்லிமீற்றர் வட்டத்துக்குள் விரைவாகப் 15 குத்து. 15–20 வினாடியில் இரத்தம் லேசாகக் கசியவேண்டும். கசியவில்லை என்றால் குத்து ஆழமில்லை. ஸ்பிரிட்டால் துடைத்துக் காயுமுன் குத்தினால் வைரஸ் அங்கேயே செத்துவிடும். மூன்று நான்கு நாளில் தடிப்பு, பிறகு நீர்க்கொப்புளம், எட்டாம் ஒன்பதாம் நாளில் சீழ். 14–21 நாளில் பொருக்கு விழும். ஆறிலிருந்து எட்டாம் நாளுக்குள் பார்க்கவேண்டும். வெறும் சிவப்பு வந்து மறைந்திருந்தால் பிடிக்கவில்லை என்று வைத்து மறுபடி குத்துவார்கள்.

பொருக்கு விழும்வரை அந்தப் புண்ணில் உயிருள்ள வைரஸ் இருக்கும். சொறிந்த கையால் கண்ணைத் தேய்த்தால் கண்ணுக்குப் போகும். எக்சிமா உள்ளவருக்கு உடல் முழுக்கப் பரவும். ஊசி போட்டது வீட்டில் இன்னொருவருக்காக இருந்தாலும் இது நடக்கலாம். நோயெதிர்ப்புக் குறைந்தவருக்கோ புண் ஆறாமல் தின்றுகொண்டே போகும். முதல்முறை குத்திய பத்து இலட்சம் பேரில் ஒருவர் இருவர் இறந்தார்கள்.

இப்போது உள்ளது எம்.வி.ஏ. மியூனிக்கில் மயர் என்ற ஆய்வாளர் கோழிக்கருக் கலங்களில் 570 தடவைக்கு மேல் வளர்த்து வளர்த்து, டி.என்.ஏ-யில் ஏறத்தாழ 15 வீதத்தை இழந்துபோன வக்சினியா. மனிதக் கலத்துக்குள் நுழையும், புரதம் செய்யும், ஆனால் புதிய துணிக்கையை முடிக்கமுடியாது. கொப்புளமும் தழும்பும் இல்லை. தோலுக்கடியில் 0.5 மில்லிலீற்றர், 28 நாள் இடைவெளியில் இரண்டு. 2022 குரங்கம்மைப் பரவலில் போட்டது இதைத்தான். எச்.ஐ.வி உள்ளவர்களுக்கும் போடலாம்.

விசர்நாய் நோய்க்கும் (ரேபிஸ்) வக்சினியா உதவுகிறது. ரேபிஸ் மேற்பரப்புப் புரதத்தைச் சொருகிய வக்சினியாவைச் சிறு பொட்டலத்தில் இட்டு, இரைக்குள் வைத்து, ஐரோப்பாவில் நரிகளுக்கும் அமெரிக்காவில் ரக்கூன்களுக்கும் போட்டார்கள். பொட்டலத்தைக் கடித்து உடைத்தால்தான் மருந்து தொண்டையில் படும். முழுசாக விழுங்கினால் வீண். லயத்து நாய்களுக்கும் இதைப் போடலாமா என்றால், எனக்குச் சம்மதமில்லை. 2000இல் ஒஹாயோவில் நாயின் வாயிலிருந்த இரையைப் பிடுங்கப்போன ஒரு கர்ப்பிணிக்குக் கடிபட்டு வக்சினியா தொற்றியது. நம் வாசல்களில் நாயும் பிள்ளையும் ஒரே இடத்தில்தான் கிடக்கின்றன. இங்கே கொல்லப்பட்ட வைரஸ் ஊசியே சரி.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் எருமையம்மை என்ற பெயரிலும் பிரேசிலில் கறவை மாடுகளிலும் வக்சினியா இன்றும் சுற்றுகிறது. மடிக்காம்பில் கொப்புளமும் கறப்பவர் விரலில் அதே புண்ணும் சேர்ந்து வந்தால், அந்த மாட்டைக் கடைசியாகக் கறந்து, சவர்க்காரத்தால் கை கழுவி, புண்ணை மூடிக்கொண்டு, மாட்டை மிருக வைத்தியருக்கும் கையை டாக்டருக்கும் காட்டுங்கள். இதே தோற்றத்தில் வரும் போலி மாட்டம்மை வேறு குடும்பத்து வைரஸ் அல்ல, வேறு இனம், ஆய்வுகூடத்தில்தான் பிரித்தறியலாம்.