ஒரே டின், மூன்று வரம்பு

டின் உணவில், டின்னின் உட்பூச்சிலிருந்து இறங்கும் பிஸ்பினால் ஏ (பிபிஏ) என்ற வேதிப்பொருள் இருப்பதாகச் செய்தி வந்தால் போதும், 'கண்டறியப்பட்ட அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று டின் தொழில் அமைப்புகள் மறுப்பு விடும். இரண்டையும் படித்துவிட்டு, எது உண்மை என்று கேட்டு எங்களைப் போன்ற சென்னைப் பரிசோதனைக் கூடங்களுக்கு வருகிறார்கள், துறைமுகம் வழியாக மாங்கூழ் அனுப்புகிறவர்கள். எந்த வரம்பு, எந்த வருஷத்து வரம்பு என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்க்கச் சொல்கிறோம்.

கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்று ரிப்போர்ட் வந்த ஒரு 400 கிராம் டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் ஒருவரே சாப்பிட்டால் 4 மைக்ரோகிராம் உள்ளே போகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2015 வரம்புப்படி 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 240 மைக்ரோகிராம் வரை போகலாம். அதில் இது அறுபதில் ஒரு பங்கு. அதே ஆணையம் 2023 ஏப்ரலில் வரம்பை 20,000 மடங்கு இறக்கியது. இப்போது அதே ஆளுக்கு 12 நானோகிராம்தான் (மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோகிராம்). நம் டின் முந்நூறு மடங்குக்கு மேல் தாண்டிவிடுகிறது. இதை ஏற்காத ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் 12 மைக்ரோகிராம் வரை சரி. மூன்று வரம்புக்கும் ரிப்போர்ட் ஒன்றுதான். வரம்பு எது என்று எழுதாத மறுப்பை நம்ப வேண்டாம்.

செய்தி எழுதுகிறவர்களும் கவனிக்க வேண்டும். 2011-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வில் 75 பேர் ஐந்து நாள் டின் சூப் குடித்தார்கள். சிறுநீரில் பிஸ்பினால் ஏ லிட்டருக்கு 20.8 மைக்ரோகிராம், புதிதாகச் சமைத்த சூப் குடித்தபோது 1.1. ஆயிரம் சதவீதத்துக்கும் மேல் கூடியது என்று எழுதினால் அது உண்மைதான். ஆனால் அது உடம்புக்குள் போனதற்கு அத்தாட்சி, நோய்க்கு அல்ல. பெரும்பகுதி ஒரு நாளைக்குள் வெளியேறிவிடும் என்ற தொழில்தரப்பு வாதம் சரியே. தினமும் டின் திறக்கிற வீட்டில் தினமும் புதிதாக உள்ளே போகும் என்பதும் சரியே.

எங்களுக்குப் பெரிய கவலை, லாக்கர் என்ற டின் உட்பூச்சு வேகும் விதம். பிஸ்பினால் ஏ கொண்டு செய்த எபாக்சி லாக்கர் சுமார் 200 டிகிரியில் பத்து நிமிஷம் போல வேக வேண்டும். குறைந்தால் வினைபுரியாத மிச்சம் உணவில் இறங்கும். கூடினால் பூச்சு மொறமொறத்து, டின்னின் வளையங்களிலும் மடிப்பிலும் விரியும். அமிலம் கலந்த மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசலை டின்னில் ஊற்றிச் சில நிமிஷம் விட்டுக் கொட்டினால், விரிசல் உள்ள இடமெல்லாம் செம்பு சிவப்புப் புள்ளியாகப் படிந்திருக்கும். லாக்கரே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. புளிப்பு இரும்பை அரித்து, வாயு சேர்ந்து டின் உப்பிவிடும்.

பரிசோதனையிலும் தவறு நடக்கும். பிஸ்பினால் ஏ கொண்டு செய்த பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பாத்திரம் ஒன்று நுழைந்தாலே, உணவே சேர்க்காமல் ஓட்டிப் பார்க்கும் வெற்று மாதிரியில்கூட பிஸ்பினால் ஏ தெரியும். அதனால் எல்லாம் கண்ணாடியில்தான். வெற்று மாதிரியின் அளவைப் போடாத ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

2025 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவு படும் பொருட்களில் பிபிஏவுக்குத் தடை அமலில் இருக்கிறது, மாறிக்கொள்ள அவகாசத்தோடு. 'பிபிஏ இல்லை' என்ற சான்றிதழை டின்னுக்கு மொத்தமாக வாங்காதீர்கள். உடல், மூடி, வெல்டிங் கோட்டின் மேல் அடிக்கிற லாக்கர்ப் பட்டை என மூன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். மூடி பல நேரம் வேறு ஆலையிலிருந்து வருகிறது.