கால் நுழையாத பேசின்

முதல் குளிர்காய்ச்சல் வந்தபோது எனக்குப் பதினாலு வயது. தொடை இடுக்கில் நெறி கட்டி, இடது கால் சிவந்து கொதித்தது. நாலு நாளில் வடிந்துவிட்டது. அப்புறம் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வீக்கத்தை விட்டுவிட்டுப் போனது. இருபது வயதுக்குள் யானைக்கால் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. கடலூர் மாவட்டத்தில் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். மெஷினை வலது காலால் மட்டும்தான் மிதிப்பேன்.

சில வருடங்களுக்கு முன் கால் பராமரிப்புப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். பேசின், மக், சோப்பு, துண்டு, களிம்பு எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கூட்டம் நடந்தது மாடியில். ஒரு பெரியவர் படி ஏறி வந்து சேர்வதற்குள் பாதிப் பேச்சு முடிந்துவிட்டது. அவருடைய பாதம் அந்தப் பேசினுக்குள் நுழையவே இல்லை. விரலிடுக்கை ஈரம் போகத் துடையுங்கள் என்றார்கள். அவரால் முழங்காலுக்குக் கீழே குனிய முடியாது. எங்களில் ஒருவரை முன்கூட்டியே கேட்டிருந்தால் இதையெல்லாம் சொல்லியிருப்போமே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அந்த விரலிடுக்குதான் முக்கியமான இடம். உடம்பில் தேங்கும் நீரை வடிக்கிற நிணநீர்க் குழாய்களை யானைக்கால் நோய்ப் புழு கெடுத்துவிட்டால், காலில் நீர் தேங்கிவிடும். கிருமியை எதிர்க்கும் தெம்பும் குறைந்துவிடும். சேற்றுப்புண் வழியாகக் கிருமி உள்ளே போய்த்தான் அந்தக் காய்ச்சல் வருகிறது. காய்ச்சல் வர வர, கால் பெருக்கும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க ஆரம்பித்த பிறகு எனக்குக் காய்ச்சல் நன்றாகக் குறைந்துவிட்டது.

பெரியவருக்காகப் பழைய வேட்டியை இரண்டு விரல் அகலத்துக்கு நீள நாடாவாகக் கிழித்து ஓரம் அடித்துக் கொடுத்தேன். காலை முக்காலியில் நீட்டி, நாடாவை விரலில் மாட்டி, இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் இடுக்கு காய்ந்துவிடும். பேசினே வேண்டாம், மக்கில் மொண்டு ஊற்றினால் போதும் என்பது அவரே சொன்ன யோசனை.

1996-இல் எங்கள் மாவட்டத்தில் ஊருக்கெல்லாம் அந்தப் புழுவுக்கான டி.இ.சி. மாத்திரை கொடுக்கத் தொடங்கியபோது என் கால் வீங்கி முடிந்திருந்தது. பிறகு வந்த வருடங்களில் நர்ஸம்மா வீடு வீடாகப் போகும்போது என்னையும் கூட்டிப் போவார். “எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு மாத்திரை?” என்பார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டுவேன். வீக்கமே இல்லாதவர் ரத்தத்திலும் குட்டிப் புழு இருக்கும்; சாக்கடைக் கொசு அதை அடுத்தவருக்குக் கொண்டுபோகும்; தாய்ப் புழு பல வருடம் உயிரோடு இருப்பதால் வருடா வருடம் விழுங்க வேண்டும் என்று சொல்வேன். மாத்திரை போட்டதும் சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வரும். குட்டிப் புழுக்கள் சாவதால்தான் அப்படி என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் மிரள்வதில்லை. என் கண் முன்னாலேயே விழுங்கிவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவார்கள்.

இப்போது எங்கள் தெருவுக்கு மாத்திரை வருவதில்லை. வீங்கிய கால்களோடு நாங்கள் இருக்கிறோம். செவ்வாய்க்கிழமை மதியம் என் வீட்டுக் கொல்லையில் ஐந்தாறு பேர் சேர்ந்து கால் கழுவுகிறோம். போன வாரம் ஓர் அக்கா வந்தார்கள். இத்தனை வருடமும் தரையைத் தொடும்படி புடவை கட்டி மறைத்தவர்கள். வெகுநேரம் கதவோரமே நின்றார்கள். பெரியவர் எழுந்து தன் முக்காலியை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டார். நான் நாடாப் பெட்டியைத் திறந்து புதிதாக ஒன்றை எடுத்தேன்.